நாடு, தேசம், அரசு, மாநிலம்: பாரம் (படிவம்) நிரப்பும் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட் எங்கள் ஊர். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றிப் பால்மரம், அதாவது ரப்பர். இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்துப் பக்கத்து அறையில் மேசை போட்டு உட்காருவேன். ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், பள்ளிச் சேர்க்கை என்று பாரத்தோடு வருகிறவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பேன். மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன். இரண்டு இடத்திலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை.

நாடு, தேசம், அரசு எல்லாம் ஒன்றுதானே? எதற்குப் பிரிக்க வேண்டும்?

பேச்சில் ஒன்றுதான். நாட்டுக்கு உழைத்தோம் என்றாலும் தேசத்துக்கு உழைத்தோம் என்றாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் பாரத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் இருக்கிறது, கட்டம் மாறினால் காரியம் கெட்டுவிடும்.

நாடு மண்ணோடு சேர்ந்த சொல். எல்லை, மலை, ஆறு, ஊர், அங்கே வாழ்கிறவர்கள் எல்லாம் அதில் அடக்கம். தேசம் மக்களோடு சேர்ந்தது. நாமெல்லாம் ஒரே கூட்டம், நம் காரியத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற மக்கள் ஒரு தேசம். அரசு அதிகாரத்தோடு சேர்ந்தது. சட்டம், வரி, போலீஸ், நீதிமன்றம், பாஸ்போர்ட், முத்திரை எல்லாம் அதன் கையில். தமிழில் தேசத்தை நாடு என்ற பொருளிலேயே காலம் காலமாகப் புழங்கி வருகிறோம், பாதிக் குழப்பம் அங்கேதான். இங்கே நான் தேசம் என்று எழுதும் இடத்தில் எல்லாம் மக்களைத்தான் சொல்கிறேன்.

என் பாட்டி பிறந்தது, பால் வெட்டியது, பிள்ளை பெற்றது, கண் மூடியது எல்லாம் இந்த மண்ணில். கடைசி வரை அவர் கையில் இருந்தது, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசி. அவருக்கு நாடு இருந்தது, அரசின் புத்தகத்தில் குடிமகளாகப் பெயர் இல்லை. நாடு வேறு, அரசு வேறு என்று எனக்கு முதலில் விளங்கியது அந்தச் சிவப்பு அட்டையைப் பார்த்துத்தான்.

பங்சா (இனம்) என்ற கட்டத்தில் 'இந்தியா' என்று எழுதுகிறோமே. அப்படியென்றால் நாம் இந்தியாக்காரர்களா?

இல்லை. ஆனால் இது எவ்வளவு எளிதாகத் தவறிப்போகும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன், அழகான கையெழுத்து, பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதினான். 'பங்சா' கட்டத்தில் இந்தியா. அதற்குக் கீழே 'வர்கநெகாரா' கட்டத்திலும் இந்தியா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா, "சரிதானே சார்?" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. மலாயில் இந்தியா என்பது அந்த நாட்டின் பெயர், நம் இனத்துக்கும் அதே பெயர். ஓராங் இந்தியா என்றால் இந்திய வம்சாவளியினர். வர்கநெகாரா என்றால் குடிமகன், அதாவது எந்த அரசுக்குச் சொந்தமானவர் என்பது. அந்தக் கட்டத்தில் 'மலேசியா' என்றுதான் எழுத வேண்டும்.

பையன் ரப்பரை எடுத்து இரண்டாவது இந்தியாவை அழித்தான். தாள் கொஞ்சம் கறுத்துப் போனது. அதன் மேலேயே மலேசியா என்று எழுதிவிட்டு, "அப்போ நான் ரெண்டும்தானே சார்?" என்று கேட்டான். ஆமாம்டா என்றேன். இனத்தால் ஒன்று, குடியுரிமையால் ஒன்று. ஒன்றை எழுதினால் மற்றது போய்விடாது.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பங்சா என்ற மலாய்ச் சொல் சமஸ்கிருத 'வம்ச'த்திலிருந்து வந்தது. அது இனத்தையும் குறிக்கும், தேசத்தையும் குறிக்கும். நம் பள்ளி வாசல் பலகையை நிமிர்ந்து பாருங்கள்: செக்கோலா ஜெனிஸ் கெபங்சான். நாம் தேசிய வகைப் பள்ளி என்கிறோம். 'கெபங்சான்' உள்ளே இருப்பது பங்சாதான், அங்கே பொருள் தேசம். பாரத்தில் அதே சொல்லுக்கு இனம் என்று பொருள். 1991இல் அப்போதைய பிரதமர் மகாதீர் 2020 தூரநோக்கை அறிவித்தபோது 'பங்சா மலேசியா' என்றார். எல்லா இனமும் சேர்ந்த ஒரே மலேசிய தேசம் என்ற எண்ணம் அது. பாரத்தில் இனத்தைக் கேட்கும் கட்டமும் அந்தக் கனவும் ஒரே சொல்லில் இருப்பதால், பிள்ளைகளுக்கு இதை ஒருமுறையாவது உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை. இன்றைய ஐசியான மைகாட்டின் முகப்பில் இனம் அச்சிடப்படுவதில்லை. பிறப்புப் பத்திரத்தில்தான் பெற்றோரின் 'கெதுருனான்', அதாவது வம்சாவளி, இருக்கும்.

நெகாரா, நெகிரி?

நெகாரா முழு நாடு, நெகிரி மாநிலம். இரண்டும் நகரம், நகரி என்ற பழைய சொற்களின் வழியில் வந்தவை. எழுத்து ஒன்று மாறினால் பாரம் திரும்பி வரும்.

பேராக்குக்கு சுல்தான் இருக்கிறார், கொடி இருக்கிறது, பாட்டு இருக்கிறது. அப்போது பேராக் ஒரு நாடுதானே?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பேராக் தனக்கென்று ஆட்சியுள்ள ஒரு மலாய் அரசு. 1874இல் பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு ரெசிடென்ட் என்ற பிரிட்டிஷ் ஆலோசக அதிகாரி வந்து உட்கார்ந்தார். 1895இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கையும் சேர்த்து ஒரு கூட்டாக்க ஒப்பந்தம் ஆனது. 1957 ஆகஸ்ட் 31இல் மலாயா சுதந்திரம் பெற்றபோது 11 மாநிலங்களில் ஒன்று பேராக். இன்று மலேசியாவில் 13 மாநிலங்கள், மூன்று கூட்டரசுப் பிரதேசங்கள் (மத்திய அரசாங்கம் நேரடியாகப் பார்ப்பவை).

இப்போது பேராக்கால் தனியாகத் தூதர் அனுப்ப முடியாது, ராணுவம் வைக்க முடியாது, பாஸ்போர்ட் கொடுக்க முடியாது. அதனால் அது மாநிலம். ஆனாலும் பழைய அரசின் தடம் அழியவில்லை. ஒன்பது மலாய் ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேராக் சுல்தான் அஸ்லான் ஷா 1989 முதல் 1994 வரை மாமன்னராக இருந்தார். நாட்டுக்கு ஓர் அரியணை, மாநிலத்துக்கு ஓர் அரியணை என்பது அந்த ஐந்தாண்டில் கண்ணெதிரே தெரிந்த விஷயம்.

எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துச் சபைகூடலில் பிள்ளைகள் நாட்டுப் பாட்டான நெகாராக்கூ பாடிவிட்டு, மாநிலப் பாட்டையும் பாடுவார்கள். வெளியூரிலிருந்து மாறி வந்த பிள்ளை, "ரெண்டு பாட்டும் ஒரே மாதிரி இருக்கே" என்று விழிக்கும். உண்மைதான், மெட்டு ஒன்றே. சுதந்திரத்தின்போது நாட்டுப் பாட்டுக்கு மெட்டு தேடியபோது பேராக் மாநிலப் பாட்டின் மெட்டைத்தான் எடுத்தார்கள். கொடியிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 1963இல் சிங்கப்பூரையும் சேர்த்து 14 மாநிலங்களுக்கு 14 கோடுகள், நட்சத்திரத்துக்கு 14 முனைகள். சிங்கப்பூர் போன பிறகு கோட்டைக் குறைக்கவில்லை. பதினான்காவது கோடு இன்று கூட்டரசைக் குறிக்கிறது.

உங்கள் ஐசி எண்ணிலும் மாநிலம் இருக்கிறது. முதல் ஆறு எண் பிறந்த தேதி, அடுத்த இரண்டு எண் பிறந்த இடம். அங்கே 08 என்று இருந்தால் பேராக்கில் பிறந்தவர். 07 பினாங்கு, 10 சிலாங்கூர்.

எந்தக் காரியத்துக்கு யாரிடம் போவது? கெரானும் (நிலப் பட்டா) ஐசியும் ஒரே இடத்தில் கிடைக்குமா?

கிடைக்காது. நம் மக்கள் அதிகம் அலைவது இந்த இடத்தில்தான். நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. வீட்டு மனை, கெரான், கோயில் நிலம் என்றால் நிலத்துறை, மாநில அரசாங்கம், மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) என்று அந்த வழியில் போக வேண்டும். குடியுரிமை, ஐசி, கல்வி, சுகாதாரம் எல்லாம் கூட்டரசின் பொறுப்பு. தோட்டத்துக் கோயில் நிலத்துக்காக நாடாளுமன்ற உறுப்பினரை மட்டும் பார்த்துவிட்டுக் காத்திருக்கிறவர்களிடம், உங்கள் சட்டமன்ற உறுப்பினரையும் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

நிலம் என்றதும் எங்கள் ஊரில் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். தோட்டம் கை மாறினால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். தொழிலாளிகளிடமே பங்குப் பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்கிவிடலாம் என்று 1960இல் அவர் தொடங்கியதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். குடியுரிமை கையில் இருந்தாலும் காலடியில் சொந்தமாக ஒரு பிடி மண் வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை நன்றாக உணர்ந்திருந்தது.

தமிழ்நாடு ஒரு நாடா?

பெயரில் நாடு, சட்டப்படி இந்தியாவின் ஒரு மாநிலம். முன்பு மெட்ராஸ் மாநிலம் என்று பெயர், 1969 ஜனவரி 14இல் தமிழ்நாடு ஆனது. நம் பழைய வழக்கில் நாடு என்பது பெரிய பரப்பையும் குறிக்கும், சிறிய வட்டாரத்தையும் குறிக்கும். சோழநாடும் நாடு, செட்டிநாடும் நாடு, கொங்குநாடும் நாடு. பிள்ளைகள் கேட்டால், "நாடு என்று பெயர் இருப்பதெல்லாம் அரசு ஆகிவிடாது" என்று சொல்லிப் பாருங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

நம் பெரியவர்கள் 'ஊருக்குப் போறேன்' என்றால் அது இந்தியாவுக்கு. அதுவும் பாரத்தில் எழுதுகிற சொல் இல்லை, மனசுக்குள் இருக்கிற சொல்.

சிங்கப்பூர், சபா, சரவாக்?

சிங்கப்பூர் 1963 செப்டம்பர் 16இல் மலேசியாவின் மாநிலமாகச் சேர்ந்தது. 1965 ஆகஸ்ட் 9இல் தனி அரசாயிற்று. மண் அதே மண், மக்கள் அதே மக்கள், இரண்டு வருஷத்துக்குள் அந்தஸ்து மாறிவிட்டது. சபா, சரவாக் மக்களிடம் பேசும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். பெர்லிஸ், கெடா போலப் பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது மாநிலம் என்று சொன்னால் வருத்தப்படுவார்கள். மலேசியாவை உருவாக்கவே சேர்ந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் பேச்சு. அதை ஒட்டித்தான், அந்த இரண்டையும் தனியாகக் குறிப்பிடும்படி 2021இல் அரசியல் சாசனத்தின் முதல் விதியைத் திருத்தினார்கள்.

அரசும் அரசாங்கமும் ஒன்றா?

இல்லை. அரசாங்கம் வரும், போகும். 2018 மே 9 தேர்தலில் சுதந்திரத்துக்குப் பிறகு முதல்முறையாக மத்திய அரசாங்கம் மாறியது. அப்புறம் 2020, 2021, 2022 என்று பிரதமர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் யாருடைய ஐசியும் செல்லாமல் போகவில்லை, ரிங்கிட் நோட்டும் செல்லாமல் போகவில்லை. மாறாமல் நின்றது அரசு. அரசாங்கத்தைக் குறை சொல்கிறவனை நாட்டுப்பற்று இல்லாதவன் என்று யாராவது சொன்னால், இந்த வேறுபாட்டைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஓர் இடத்தை அரசு என்று எதை வைத்து ஏற்றுக்கொள்கிறார்கள்?

1933இல் உருகுவேயின் மொண்டெவிடேயோ நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் நான்கு அளவுகோல்களைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, ஓர் அரசாங்கம், பிற அரசுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். பரப்பளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. வத்திக்கான் அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை, ஒரு தோட்டத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஆனாலும் அது அரசு. தைவானில் மக்கள், நிலம், அரசாங்கம், ராணுவம், தேர்தல் எல்லாம் உண்டு. ஆனால் 1971இல் ஐநாவில் சீனாவுக்கான இடம் பெய்ஜிங்குக்குப் போன பிறகு அதற்கு அங்கே இருக்கை இல்லை. ஆக, நம்மிடம் எல்லாம் இருந்தால் போதாது, மற்றவர்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஐநாவில் இப்போது 193 உறுப்பு நாடுகள். கடைசியாகச் சேர்ந்தது 2011இல் தெற்கு சூடான். வத்திக்கானின் திருப்பீடமும் பாலஸ்தீனமும் பார்வையாளர்கள். தமிழில் 'ஐக்கிய நாடுகள்', மலாயில் 'பங்சா-பங்சா பெர்சத்து'. நாம் நாடு என்கிறோம், மலாய் தேசம் என்கிறது, உறுப்பினராக உட்கார்ந்திருப்பதோ அரசுகள். ஒரே கட்டடத்துக்குள் மூன்று சொல்லும்! ஐநா பொதுச்சபைக்கு முதன்முதலாகத் தலைமை தாங்கிய பெண் விஜயலட்சுமி பண்டிட். அவர்தான் 1954இல் எங்கள் ஊர் மகாத்மா காந்தி கலாசாலையைத் திறந்து வைத்தார். எங்கள் பிள்ளைகளுக்கு ஐநா பாடத்தை நான் அங்கேயிருந்துதான் தொடங்குவேன்.

தேசம் இருந்தும் அரசு இல்லாதவர்கள் உண்டா?

உண்டு. குர்து மக்கள் துருக்கி, ஈராக், ஈரான், சிரியா நான்கிலும் பரவி வாழ்கிறார்கள். ஒரு தேசம், தனக்கென்று அரசு இல்லை. கொரியா இதற்கு நேர்மாறு. ஒரே மக்கள், இரண்டு அரசுகள், இரண்டும் 1991இல் ஒன்றாகவே ஐநாவில் சேர்ந்தன. ஸ்காட்லாந்தை நாடு என்றே எல்லாரும் சொல்கிறார்கள், கால்பந்து அணியும் தனி. ஆனால் அது தனி அரசு இல்லை. 2014இல் வாக்கெடுப்பு நடத்தி, பிரிட்டனோடு இருப்பதே போதும் என்று பெரும்பான்மையோர் சொன்னார்கள்.

இங்கேயே பிறந்தவருக்கு எப்படி சிவப்பு ஐசி? அதெப்படி நியாயம்?

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு எங்கள் தாமானில் (குடியிருப்பில்) குறைவு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஐசி எப்படி வந்தது என்று பார்ப்போம். 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில், எங்கள் ஊரை ஒட்டிய எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்ட் போராளிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டே அவசரகால விதியின் கீழ் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பதிவு செய்து அடையாள அட்டை வாங்க வேண்டும் என்று ஆனது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்காணிக்க வந்த அட்டை அது. லயத்தில் இருந்தவர்களை அரசு இப்படித்தான் ஒவ்வொருவராக எண்ணியது. எண்ணியதால் குடிமக்கள் ஆகிவிடவில்லை.

1957 சாசனப்படி, மலாயாவில் சுதந்திர நாளிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் சட்டத்தாலேயே குடிமகன். அதற்கு முன் இங்கே பிறந்து, ஏற்கெனவே குடியுரிமை இல்லாதவர்கள் தாங்களே விண்ணப்பித்துப் பதிய வேண்டும். முதல் ஓராண்டுக்கு மலாய் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. கதவு நன்றாகத்தான் திறந்திருந்தது. ஆனால் விடியற்காலையில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) துடைத்து, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் ஒரு பெண்ணுக்கு அந்தச் செய்தியை யார் சொன்னது? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பட்டணத்துக்குப் போய்ப் பாரம் வாங்கி எழுதத் தெரிந்த ஆள் லயத்தில் ஒருவரோ இருவரோ. என் பாட்டியிடம் கேட்டபோது, "துரைதான் எல்லாம் பார்த்துப்பார்னு இருந்துட்டோம்" என்றார். துரை பார்த்துக்கொண்டது தோட்டத்தை.

1962 அக்டோபரிலிருந்து சட்டம் இறுகியது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று ஆனது. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் தேவைப்பட்டது. பெர்மிட் கிடைக்காமல் பல ஆயிரம் பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அவர்களில் பலர் அந்த ஊரை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

நமக்கு நடந்ததைவிடக் கொடுமை இலங்கை மலையகத்தில் நடந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆளைப் பங்கு போட்டன. மிச்சம் இருந்தவர்களுக்கு முடிவாகச் சட்டம் வந்தது 2003இல். 'நாடற்றவர்' என்ற சொல்லே எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுக்கு நாடு இருந்தது, கொழுந்து பறித்த மலை இருந்தது. இல்லாதது அவர்களை ஏற்றுக்கொள்ளும் அரசு. அரசற்றவர் என்றிருந்தால் பொருந்தியிருக்கும்.

இன்றைக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் வருமா? என்ன செய்ய வேண்டும்?

வருகிறது. என் மேசைக்கு வருவதில் பாதி இதுதான். காரணம் பெரும்பாலும் கல்யாணப் பதிவு. கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஊரே சாப்பிட்டாயிற்று, ஆனால் பதிவு செய்யவில்லை. 1976 திருமணச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பதிவு கட்டாயம். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த குழந்தை குடியுரிமையில் அம்மாவைப் பின்பற்றும். அம்மா குடிமகள் என்றால் பிரச்சினை இல்லை. அம்மா வெளிநாட்டவர், அல்லது அவரிடமே பத்திரம் இல்லை என்றால், அப்பா நீல ஐசி வைத்திருக்கும் குடிமகனாக இருந்தாலும் குழந்தை சிக்கிக்கொள்ளும். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு மலேசியத் தாயும் குடியுரிமை தரலாம் என்று நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியதே 2024இல்தான்.

ஆகவே கல்யாணத்தைப் பதியுங்கள், முகூர்த்தத்துக்கு முன்பே முடிந்தால் இன்னும் நல்லது. குழந்தை பிறந்தால் தீபகற்ப மலேசியாவில் 60 நாட்களுக்குள் பதிய வேண்டும், தாண்டினால் தாமதப் பதிவு, விசாரணை என்று இழுக்கும். வயது வரம்பைத் தாண்டாத பிள்ளைக்கு சாசனத்தின் 15ஏ விதியின் கீழ் விண்ணப்பிக்க வழி இருக்கிறது, வயது தாண்டும் வரை காத்திருக்காதீர்கள். கிளினிக்கில் கொடுத்த தாய்-சேய் புத்தகம், தடுப்பூசி அட்டை, பள்ளியில் சேர்த்த கடிதம், தாத்தா பாட்டியின் பழைய ஐசி என்று எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். என் பாட்டியின் சிவப்பு ஐசியை நான் இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். என் அம்மாவுக்குப் பத்திரம் எடுக்க அந்த அட்டைதான் உதவியது.

மேசைக்கு வரும்போது மூலத்தையும் இரண்டு நகலையும் கொண்டு வாருங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டு அங்கேயே திரும்பி வாங்கிக்கொள்ளுங்கள். பாரத்தைப் பென்சிலில் நிரப்பிப் பார்த்து, பங்சா, நெகிரி, வர்கநெகாரா மூன்று கட்டத்தையும் இருவராகச் சரிபார்த்த பிறகு பேனாவை எடுப்போம்.